விடியுமுன் மெர்டேக்கா சதுக்கம்: முதன்முதலாக ஓடப் போகிறவர்களுக்கு

கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தை நீங்கள் பகலில் பார்த்திருப்பீர்கள். தீபாவளிக்குத் துணி எடுக்க மஸ்ஜித் இந்தியாப் பக்கம் வந்த கையோடு, பிள்ளைகளை அந்த 95 மீட்டர் கொடிக்கம்பத்தின் கீழே நிறுத்திப் படம் பிடித்திருப்பீர்கள். எதிரே 1897-இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், அதன் செப்புக் குமிழ்கள், மணிக்கூண்டு. பின்னால் கிளப்காரர்கள் கிரிக்கெட் ஆடிய பச்சைத் திடல். 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியதும் நம் கொடி ஏறியதும் இந்தத் திடலில்தான்.

ஆனால் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அதைப் பார்த்ததுண்டா? கோலாலம்பூர் மாரத்தான் நடக்கும் நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தைலம் மணக்கிறது. ஆயிரக்கணக்கான சப்பாத்துகள் தாரில் உரசும் ஓசை, மழை தொடங்குமுன் செம்பனை ஓலையில் கேட்கும் சலசலப்பைப் போல இருக்கிறது. மலாய்க்காரர், சீனர், நம்மவர், வெளிநாட்டவர் எல்லாரும் நெஞ்சில் ஓர் எண் காகிதத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறார்கள். இவர்களில் நம் தோட்டத்து ஆட்கள் எத்தனை பேர் என்று தேடினால், கண் களைத்துப் போகும். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் குறைதான்.

'ஓட்டமெல்லாம் டவுன்காரர்களுக்கு' என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. பொறுங்கள். தைப்பூசத்தையொட்டி இரவில், துன் எச்.எஸ்.லீ சாலை மகாமாரியம்மன் கோயிலிலிருந்து இரதத்தோடு பத்துமலைக்கு நடந்திருக்கிறீர்களா? அது ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அதையும் வெறுங்காலில் நடந்து, மறுநாள் 272 படியும் ஏறியவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர்தான் என்று பயப்படவும் வேண்டாம். அதே நிகழ்ச்சியில் 10 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. நம் பழைய கணக்கில் ஆறு கட்டைக்குச் சற்று மேல். உங்கள் கால் அறிந்த தூரம்தான் அது.

ஓட்டத்தில் நம்மவருக்குப் பேரும் இல்லாமல் இல்லை. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் டாக்டர் எம். ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். அதே பாங்காக்கில் 400 மீட்டரில் தங்கம் எடுத்தவர் எம். ராஜமணி; 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய பெண்மணி. 1998-இல் நம் நாட்டில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் பெற்றார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 4 மணி 10 நிமிடத்தை ஒட்டியது. கணக்குப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் வரும். ஓடவில்லை, நடந்தார்! நம்மில் பலர் ஓடினாலும் அந்த வேகம் வராது.

எனக்குத் தெரிந்த ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். கேரித் தீவில் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர், வயது 47. சுகாதாரக் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து இனிப்பு நீர் என்று சொல்லிவிட்டார்கள். இது அவர் ஒருவர் கதையல்ல. சுகாதார அமைச்சின் 2019 ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேர் உட்கார்ந்து தேநீர் குடித்தால் ஒருவர் சீனி போடாமல் குடிக்க வேண்டிய நிலை. ஆனால் மூவருமே சீனி போட்டுத்தான் குடிக்கிறோம் என்பது வேறு விஷயம்.

அக்காவின் மகள் ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை. ஒருநாள் வந்து, "அம்மா, ஓட்டத்துக்கு உன் பேரைக் கொடுத்திட்டேன்" என்றாள்.

"காசு கட்டியா?"

"ஆமாம்மா."

"காசு குடுத்து ஓடணுமாடி? நம்ம லயத்து நாய் துரத்தினா சும்மாவே ஓடலாமே!"

அக்கா சொன்னதில் நியாயம் இருக்கிறது. பெரிய ஓட்டங்களில் கட்டணம் நூறு வெள்ளியை ஒட்டிக்கூடப் போகும். 2025-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை 26 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 65 வெள்ளி சொச்சம். ஆக, ஒன்றரை நாள் உழைப்பு. அதற்குச் சட்டை, எண் காகிதம், முடித்தால் ஒரு பதக்கம் தருகிறார்கள். சாலையை அடைப்பதற்கும் தண்ணீருக்கும் அவசர ஊர்திக்கும் அந்தப் பணம் போகிறது. நூறு கொடுக்க மனம் வராவிட்டால் முதலில் பக்கத்து டவுனில் நடக்கும் சிறிய ஓட்டமாகப் பாருங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. இன்னொன்று: 2022 முதல் கோலாலம்பூர் மாரத்தானை இரண்டு நாளாகப் பிரித்து, 10 கிலோமீட்டரைச் சனிக்கிழமையிலும் நீண்ட தூரங்களை ஞாயிற்றுக்கிழமையிலும் நடத்தினார்கள். சனிக்கிழமை நமக்கு வேலை நாள். பேர் கொடுக்குமுன் தேதியைப் பார்த்து, மண்டோரிடமோ ஆபீஸ் கிராணியிடமோ லீவு கேட்டுவிடுங்கள்.

இனிப் பயிற்சி. கேரித் தீவை நீங்கள் அறியமாட்டீர்கள் என்றால் சொல்கிறேன். பந்திங் போகும் வழியில் தெலுக் பங்லீமா காராங்கில் திரும்பி, லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் தீவு. எங்கு பார்த்தாலும் செம்பனை. கடல்நீர் உள்ளே புகாமல் மண் கரை கட்டியிருக்கிறார்கள். கரையின் உள்பக்கம் வாய்க்காலும் செம்மண் சாலையுமாகத் தோட்டம் நேர் கோடுகளில் நீள்கிறது. மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. எலி பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி வைத்திருக்கும் கம்பங்களை இருட்டில் பார்த்தால், யாரோ நிற்பது போலத் திடுக்கிடும்.

இந்தச் சாலைதான் அக்காவுக்குப் பயிற்சித் திடல். அத்தான் மோட்டாரின் மீட்டரைப் பார்த்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு செம்பனை மட்டையை நட்டு வைத்தார். உங்கள் தோட்டத்திலும் இப்படிச் செய்யலாம். கடிகாரமும் கைப்பேசியும் சொல்லும் தூரத்தைவிட இந்த மட்டைகளை அக்கா நம்பினார். முதல் நாள் அவரால் கோயிலிலிருந்து மளிகைக் கடை வரைகூட ஓட முடியவில்லை. மூச்சு வாங்கி, இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார்.

முதல் நாளில் யாராக இருந்தாலும் செய்கிற தவறு வேகம்தான். ஒரு நிமிடம் மெல்ல ஓடுங்கள், இரண்டு நிமிடம் நடங்கள். இப்படிப் பத்துத் தடவை செய்தால் அரை மணி நேரம் ஆகிவிடும். ஓடும்போது பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் நீங்கள் விரைந்து ஓடுகிறீர்கள். வாரத்துக்கு மூன்று நாள் போதும். இடையில் ஒரு நாளாவது ஓய்வு. இரண்டு வாரம் கழித்து ஓட்டத்தைக் கூட்டி, நடையைக் குறையுங்கள். வாரத்தில் ஒருநாள் மட்டும் நீண்ட தூரம்: மூன்று கிலோமீட்டரில் தொடங்கி, வாரம் அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று ஏற்றி எட்டு, ஒன்பதில் நிறுத்துங்கள். பன்னிரண்டு வாரம் இருந்தால் நிதானமாகத் தயாராகலாம். வயல்காட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சொல்: நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து உழைத்த உடம்பு வேறு, ஓடிப் பழகிய உடம்பு வேறு. உழைத்த உடம்புக்கு வலு இருக்கிறது. ஆனால் முழங்காலும் கெண்டைக்காலும் ஓட்டத்தின் அதிர்ச்சியை மெல்லத்தான் பழகும்.

எதற்கு இத்தனை கணக்கு? ஓட்டத்துக்கு நேர எல்லை உண்டு. அது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும், விதித்தாளில் பாருங்கள். இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 12 நிமிடம். நம் ஆட்கள் வேகமாக நடந்தால் கிலோமீட்டருக்குப் பதினொன்று, பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. நடந்தே முடிப்பது நூலிழையில் தொங்கும் காரியம். சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தால்கூடப் போயிற்று. கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்தால் மூச்சு விட நேரம் கிடைக்கும். அக்காவுக்கு இந்தக் கணக்கு புரிந்த அன்றிரவு தூக்கம் வரவில்லையாம். "சாலையைத் திறந்துவிட்டு வண்டியில ஏறுங்கன்னு சொன்னா, ஊருல எப்படி முகத்தைக் காட்டுவேன்?" என்று கேட்டார்.

ஊர் சும்மா இருக்கவில்லை. குழாயடியில், "இந்த வயசுல சிலுவார் போட்டுக்கிட்டு எங்க ஓட்டம்?" என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். அக்கா ஒரு வாரம் வெளியே வரவில்லை. தாய்மார்களே, இதை உங்களிடம் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். ஆண்பிள்ளைகள் திடலில் பந்து விளையாடுவதைப் பார்க்க நாம் கூட்டம் கூடுகிறோம். பெண் ஓடினால் மட்டும் ஏன் நமக்குக் கண் உறுத்துகிறது? அடுத்த வாரம் அத்தான்தான், "கிளம்பு, நான் பின்னால வர்றேன்" என்றார். விடிகாலை ஐந்தரை மணிக்கு, அக்கா முன்னே ஓட, அத்தான் மோட்டார் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் பின்னே போனார். கேலி செய்தவளின் மகளே மூன்றாவது வாரம் கூடச் சேர்ந்துகொண்டாள்.

விளக்கு அலங்காரத்துக்கல்ல. செம்பனை நிரையில் பாம்பு உண்டு, நாய் உண்டு, குலை ஏற்றிய லாரி உண்டு. தனியாகப் போகாதீர்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். லாரி வரும் திசையைப் பார்த்தபடி சாலையின் வலப்பக்கமாக ஓடுங்கள்.

தோட்டம் தட்டையானது, கோலாலம்பூர் அப்படியல்ல. ஓட்டப் பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும், மேம்பாலமோ மேடோ இல்லாமல் நகரத்தில் பத்துக் கிலோமீட்டர் கிடைப்பது அரிது. எனவே கடைசி ஐந்தாறு வாரத்தில் வாரம் ஒருமுறையாவது ஏற்றத்தில் பழகுங்கள். அக்கா லங்காட் பாலத்து ஏற்றத்தின் ஓரத்தில் ஏறி இறங்கினார். உங்களுக்கு மலைக்கோயில் படி பக்கத்தில் இருந்தால் அதைவிட நல்லது எது?

சப்பாத்து விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம் என்பேன். வேலைக்குப் போடும் ரப்பர் சப்பாத்தும் பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்தும் இதற்கு ஆகாது. மாலையில் கடைக்குப் போங்கள். பகல் முழுவதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் ஓடும்போதும் வரும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். விலை உயர்ந்தது தேவையில்லை. சென்ற ஆண்டு வந்த மாடல் தள்ளுபடியில் கிடைக்கும். வாங்கியதை ஓட்ட நாளுக்கென்று பெட்டியில் வைக்காதீர்கள். குறைந்தது மூன்று நான்கு வாரம் போட்டு ஓடிப் பழகுங்கள். ஓட்டத்தன்று சட்டை, காலுறை, சாப்பாடு எதுவும் புதிதாக வேண்டாம்.

இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, நெஞ்சுவலி உள்ளவர்கள் பயிற்சிக்கு முன்பே கிளினிக்கில் கேளுங்கள். இனிப்பு நீருக்கு மருந்து எடுப்பவர்களுக்கு ஓடும்போது சீனி அளவு திடீரென இறங்கலாம். கை நடுக்கம், குளிர் வியர்வை, கண் இருட்டல் தெரிந்தால் உடனே நின்று இனிப்பு ஏதாவது வாயில் போட வேண்டும். அக்கா சிலுவார் பையில் எப்போதும் நான்கு மிட்டாய் வைத்திருப்பார். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அக்காவும் நிறுத்தவில்லை.

புகைமூட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 2013-இல் புகைமூட்டத்தால் இந்த ஓட்டத்தை ஜூனிலிருந்து செப்டம்பருக்குத் தள்ளினார்கள். 2015 அக்டோபரில் முதல் நாள்தான் ரத்து என்று அறிவித்தார்கள். மாதக் கணக்கில் தயாரானவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். ஆனாலும் அது சரியான முடிவுதான். புகை கண்ணை எரிக்கும் நாளில் பயிற்சியையும் விட்டுவிடுங்கள்.

எண் காகிதத்தை ஓட்டத்துக்கு முந்திய நாட்களில் போய் வாங்க வேண்டும். அடையாள அட்டையை மறக்காதீர்கள். காகிதத்தோடு ஒட்டியிருக்கும் சிறு பட்டையை மடக்கவோ கிழிக்கவோ கூடாது. கோட்டில் விரித்த பாயை நீங்கள் மிதிக்கும் நேரத்தை அதுதான் குறிக்கிறது. பின்வரிசையில் நின்று ஐந்து நிமிடம் தாமதித்துக் கிளம்பினாலும், உங்கள் சொந்த நேரம் நீங்கள் பாயை மிதித்த பின்பே தொடங்கும். எனவே முன்வரிசைக்கு முண்டியடிக்க வேண்டியதில்லை. நான்கு ஊசியால் நான்கு மூலையையும் சட்டையில் குத்திவிடுங்கள். முதல் நாள் இரவே எல்லாவற்றையும் நாற்காலியில் எடுத்து வைத்துவிட்டால் விடியலில் வீடு அமளிப்படாது.

கிள்ளான் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், முதல் இரயிலை நம்பாதீர்கள். அது இந்த நேரத்துக்கு வராது. எல்ஆர்டி முன்கூட்டியே ஓடுமா என்று அறிவிப்பில் பாருங்கள். மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கினால் சதுக்கம் பக்கம்தான். இல்லையென்றால் நாலைந்து குடும்பமாக ஒரு வேன் பிடியுங்கள். சாலை அடைப்பு உண்டு. வேனைத் தள்ளி நிறுத்திவிட்டு நடக்க நேரம் ஒதுக்குங்கள்.

ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். ரொட்டி இரண்டு துண்டு, ஒரு பிசாங், ஒரு குவளை மைலோ போதும். இனிப்பு நீர் உள்ளவர்கள் கிளினிக்கில் சொன்னபடி. சம்பல் போட்ட நாசி லெமாக்கைத் திரும்பி வந்து சாப்பிடலாம். தொடை உரசும் இடத்தில் வாசலின் தடவுங்கள். இதைச் சொல்ல எல்லாரும் கூச்சப்படுகிறார்கள், சொல்லாததால் எரிச்சலோடு திரும்புகிறார்கள். கழிவறை வரிசை நீளமானது, போனவுடன் அதில் நின்றுவிடுங்கள்.

நம் தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1-ஆம் நாள் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளினார்கள். அதிலிருந்து ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் எழுகிறது. பழைய பால்வெட்டுக்காரர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். இருட்டில் கிளம்பி, பாதி வழியில் விடிகிறது. ஒலி கேட்டதும் கூட்டம் பாயும், நீங்கள் பாயாதீர்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் எல்லாரும் உங்களை முந்தட்டும். தண்ணீர் மேசையில் ஓரமாக ஒதுங்கி, நடந்தபடி இரண்டு வாய் குடியுங்கள். வழியில் உள்ள எல்லா மேசையிலும் வயிறு முட்டக் குடிப்பதும் ஆபத்துதான். தலை சுற்றினால், வியர்வை நின்று உடம்பு கொதித்தால், மானம் பார்க்காமல் நின்று மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள்.

அக்காவுக்கு ஏழாவது கிலோமீட்டரில் விலாவில் பிடித்துக்கொண்டது. கட்டடங்களின் இடைவெளியில் இரட்டைக் கோபுரத்து உச்சியில் வெயில் பட்ட நேரம். மூச்சை நீளமாக விட்டபடி ஒரு கிலோமீட்டரை நடந்தே கடந்தார். பக்கத்தில் நடந்த மலாய்க்காரப் பெண்ணொருத்தி, "சிக்கிட் லாகி, காக்" என்றாளாம். ஒன்பதில் மறுபடி ஓடத் தொடங்கினார். மணிக்கூண்டு கண்ணில் பட்டதும், 'அது நம்ம மட்டைதான்' என்று நினைத்துக்கொண்டாராம். 1 மணி 51 நிமிடம். ஒன்பது நிமிடம் மிச்சம்.

காத்திருக்கும் குடும்பத்தார் முடிவுக் கோட்டருகே நெருக்கியடித்து நிற்காமல், கொடிக்கம்பத்தடியில் என்று முதலிலேயே பேசி வையுங்கள். கூட்டத்தில் கைப்பேசி சரியாக எடுக்காது. ஓடி வந்தவரை உடனே உட்கார விடாதீர்கள். பத்து நிமிடம் நடக்க வையுங்கள். ஈரச் சட்டையை மாற்ற ஒரு துண்டும், காலுக்கு ஜப்பான் செருப்பும் கொண்டு போங்கள். பிறகு மகாமாரியம்மனைக் கும்பிடுவதானால் நடக்கும் தூரம்தான். மறுநாள் ஞாயிறு ஓய்வு. படி இறங்கும்போது தொடை வலிக்கும், பிடித்துக்கொண்டு இறங்குங்கள். அக்கா திங்கட்கிழமை பெரட்டுக்கு வந்துவிட்டார். பதக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று மண்டோர் கேட்டதால், செவ்வாய்க்கிழமை அதைச் சாப்பாட்டுச் சட்டியோடு பையில் போட்டு எடுத்து வந்தார்.